மாவைப் பார், மணியைப் பாராதே!

வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மார்கழியும் தையும் சோதனை மாதங்கள். நமக்குக் கம்பளி உண்டு, ரஜாய் உண்டு. இட்லி மாவுக்கு என்ன உண்டு? இரவில் அரைத்து வைத்த மாவு காலையிலும் வைத்தது வைத்தபடியே கிடப்பதைக் கண்டு மனம் சோராத இல்லத்தரசி டில்லித் தமிழரிடையே ஒருவரும் இரார். அந்த மாவைப் பொங்க வைப்பதற்கு நம்மவர் கையாளும் உபாயங்கள்தாம் எத்தனை! ஒருவர் பாத்திரத்தைப் பழைய சால்வையால் சுற்றி அலமாரிக்குள் வைப்பார். ஒருவர் அரிசி டப்பாவினுள் புதைப்பார். வேறொருவர் வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகே குழந்தையைப் போலக் கிடத்துவார்.

இந்தக் கலை நம் கையிலே இருப்பதை நாமே மறந்திருந்தோம். இட்லிக்கும் தனக்கும் உறவே இல்லை என்று தோன்றும் ஒரு பண்டம், சென்ற தை மாதத்தில் அதை எங்களுக்கு நினைவூட்டியது. அதன் கதையையும் செய்முறையையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். 'சின்னமன் ரோல்' என்று கடைகளில் விற்கிறார்களே, அந்தப் பட்டைச் சுருள் ரொட்டிதான் நாம் குறிப்பிடும் பண்டம்.

குழந்தைகள் கேட்ட பண்டம்

நாங்கள் நம் சங்கத்து மாதர் பிரிவைச் சேர்ந்தவர்கள் நால்வர். பொங்கல் விழாவின்போது சிற்றுண்டிக் கடை நடத்தும் பொறுப்பு ஆண்டுதோறும் எங்களுடையது. சர்க்கரைப் பொங்கலும் மெதுவடையும் காப்பியும் வைப்போம்; பெரியவர்கள் கூடிநின்று உண்பார்கள். ஆனால் முந்திய ஆண்டு விழாவில் ஒரு காட்சியைக் கண்டோம். எட்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பலர் எங்கள் கடைப்பக்கம் வரவே இல்லை. எங்கே என்று தேடினால், தெருவின் எதிர்ப்புறத்தில் இருந்த ரொட்டிக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, அங்கே சின்னமன் ரோல் இருக்கிறது" என்றாள் ஒரு சிறுமி.

விலையைக் கேட்டபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனினும் விலையைவிட எங்களை உறுத்தியது வேறொன்று: நம் விழா நடக்கும்போது நம் பிள்ளைகள் தெருவுக்கு அப்பால் நின்றார்களே! அவர்களைக் கடிந்துகொண்டு பயன் என்ன? இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நம் நாவுக்கு இனிப்பது அவர்கள் நாவுக்கும் இனிக்க வேண்டுமானால், முதலில் அவர்கள் நம் பந்தலுக்குள் வந்து நிற்க வேண்டும். ஆகவே, "அடுத்த பொங்கலுக்கு அந்த ரொட்டி நம் கடையிலேயே கிடைக்கும்" என்று வாக்களித்துவிட்டோம். எங்களுள் ஒருவரேனும் ஈஸ்ட் இட்டு மாவு பிசைந்தவர் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எந்த நாட்டு ரொட்டி?

செய்யத் தொடங்குமுன் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம். இன்று உலகமெங்கும் விற்கும் இந்த ரொட்டிக்கு வடஐரோப்பாவே தாய்வீடு. ஸ்வீடன் நாட்டார் இதைக் 'கானெல்புல்லே' என்பர். பட்டை ரொட்டி என்பதே அதன் பொருள். டேனிஷ்காரர்கள் சுருண்ட வடிவத்தைக் கண்டு 'பட்டை நத்தை' என்று பெயரிட்டார்கள். பின்லாந்துக்காரர்கள் வைத்த பெயருக்குக் 'காதிலே விட்ட அறை' என்று பொருளாம்!

முதல் உலகப் போர்க் காலத்தில் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ஐரோப்பாவில் கடும் தட்டுப்பாடு இருந்தது. போர் முடிந்து அவை மீண்டும் கிடைக்கலான பின், 1920-களில் இந்த ரொட்டி ஸ்வீடனில் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அது சாமானியக் குடும்பத்து அடுக்களையிலும் இடம் பெற்றது. வேலையினிடையே காப்பியும் தின்பண்டமுமாக அமர்ந்து அளவளாவுவதை அந்நாட்டார் 'பீக்கா' என்று அழைத்துப் போற்றுகிறார்கள். அந்த வேளைக்கு உற்ற துணை இந்த ரொட்டி. 1999-ஆம் ஆண்டு முதல் அக்டோபர் 4-ஆம் தேதியைப் பட்டை ரொட்டி நாளாகவே அங்கே கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவுக்குச் சென்ற ரொட்டி அங்கே உருவிலே பெருத்து, மேலே சர்க்கரைப் பூச்சும் பூண்டது. நம் நகரக் கடைகளில் காண்பது பெரும்பாலும் இந்த அமெரிக்க உருவமே.

ஸ்வீடன் முறையில் எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்று உண்டு. பட்டை உள்ளே பூசும் பூரணத்துக்கு மட்டுமே. ரொட்டி மாவில் அவர்கள் சேர்ப்பது ஏலக்காய்! பட்டையின் தாயகம் இலங்கை. அங்குள்ள தமிழர் அதைக் கறுவா என்பர். ஏலக்காயின் தாயகமோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை. இன்று மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா அதை மிகுதியாக விளைவிக்கிறது என்றாலும், போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கறுவா விளையும் இலங்கைக் கரையைப் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராகப் பற்றினர். 1505-இல் போர்த்துகீசியர் வந்தனர். 1656-இல் கொழும்பு டச்சுக்காரர் வசமாயிற்று. 1796-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. நம் கடலையும் நம் மலையையும் சேர்ந்த இரு மணங்கள் பனி நாட்டு ரொட்டி ஒன்றிலே கூடியிருப்பதை அறிந்தபோது, அந்நியப் பண்டம் என்ற எண்ணம் எங்களுக்குப் பாதி குறைந்துவிட்டது.

இரண்டு பட்டைகள்

பட்டை வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கடையில் பட்டை என்ற பெயரால் விற்பவை இரண்டு வேறு மரங்களின் பட்டைகள். இலங்கைக் கறுவா மெல்லியது, காகிதம் போன்ற பல ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம், இளம் பழுப்பு நிறமும் இதமான மணமும் உடையது. மற்றொன்று கசியா. அது தடித்த ஒரே ஏடாக வளைந்திருக்கும், எளிதில் உடையாது, நிறமும் காரமும் மிகுதி. சீனா, வியட்நாம், இந்தோனேசியா முதலிய நாடுகளில் விளைவது. இந்திய உணவுத் தர விதிகள் முன்னதைத் தால்சீனி என்றும், பின்னதைத் தஜ் என்றும் தனித்தனியே குறிக்கின்றன. ஆயினும் டில்லிக் கடைகளில் தால்சீனி என்று கேட்டால் பெரும்பாலும் கசியாவையே எடுத்துத் தருகிறார்கள். பொடியாக வாங்கினால் இன்னது என்று அறிய வழியில்லை; ஆதலின் பட்டையாகவே வாங்கி வீட்டிலே பொடித்துக்கொள்வது நலம்.

இந்த வேறுபாடு சுவையோடு முடிந்துவிடுவதில்லை. கசியாவில் 'கூமரின்' என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதளவே. நெடுநாள் அளவுக்கு மீறி உட்கொண்டால், சிலருக்குக் கூமரின் கல்லீரலுக்குத் தீங்கு செய்யக்கூடும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் உட்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த வரம்பு. மாதம் ஒரு முறை சுருள் ரொட்டி உண்பவர்கள் இதை எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. அடிக்கடி உண்ணும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், விலை சற்றுக் கூடினாலும் இலங்கைக் கறுவாவே தக்கது.

கல்லான சுருள்

விழாவுக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது எங்களுள் ஒருவர் வீட்டில் முதற் சோதனை நடந்தது. செய்முறையை ஒரு வெளிநாட்டுச் சமையற் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதி வைத்திருந்தோம். அளவுகளைத் தராசிலே நிறுத்தோம்; மாவைப் பிசைந்தோம். 'ஒரு மணி நேரத்தில் மாவு இரு மடங்காகும்' என்று அதில் கண்டிருந்தது. சரியாக ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். மாவு சிறிதே உப்பியிருந்தது. 'இதுதான் இரு மடங்கு போலும்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். பரப்பி, பூரணம் தடவி, சுருட்டி, நறுக்கினோம். 'மீண்டும் அரை மணி வைக்கவும்' என்றிருந்தது. அரை மணி வைத்தோம். ஓவனில் இட்டோம்.

வெளியே வந்தவை நிறத்திலே குறைவில்லை, மணத்திலும் குறைவில்லை. ஆனால் தட்டிலே போட்டபோது 'டக்' என்று ஓசை கேட்டது! அந்த வீட்டுப் பையன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு இட்லி மட்டும்தான் வரும். கடையிலேயே வாங்கிவிடலாம்" என்றான். அவன் கேலியாகத்தான் சொன்னான். எங்களுக்கு அது கேலியாகப் படவில்லை. விழாக் கடையிலே எதை வைப்பது என்ற கவலையோடு அன்று கலைந்தோம்.

பாட்டியம்மாளின் பாடம்

அந்த வீட்டுக்காரரின் மாமியாரை நாங்கள் எல்லோரும் பாட்டியம்மாள் என்றே அழைப்போம். மன்னார்குடிப் பக்கத்தவர். கணவர் காலமான பின் மகனோடு இருக்கலாம் என்று டில்லிக்கு வந்தவர். ஊரிலே நாற்பது பேருக்குச் சமைத்த கை. இங்கே வந்த பிறகு, "இந்த ஊர்ப் பேச்சும் எனக்குத் தெரியாது, இந்த ஊர்ச் சாமானும் தெரியாது. எனக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது?" என்று வெயில் படும் பால்கனியில் உட்கார்ந்திருப்பார்.

அன்று தட்டில் இடம் போதாமல் ஒரு பிடி மாவு மிஞ்சியிருந்தது. வீணாக்க மனமின்றிப் பாட்டியம்மாள் அதை ஒரு எவர்சில்வர் பாத்திரத்திலே இட்டு மூடி, தம் பழைய கம்பளிச் சால்வையால் சுற்றி, இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். மறுநாள் காலை எங்களுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தோம். பிடி மாவு பாத்திரத்தை நிரப்பி, மூடியை மேலே தள்ளிக்கொண்டு நின்றது!

"ஈஸ்ட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தோமே, அத்தை!" என்றார் மருமகள்.

"அது கெடவில்லையம்மா, நீங்கள்தாம் அவசரப்பட்டீர்கள். மாவு என்ன ஆபீசுக்கா போகிறது, மணி பார்த்து எழுந்திருக்க? குளிர் விட்டால்தான் அது எழுந்திருக்கும். இத்தனை வருஷம் இந்த ஊரில் இட்லி வார்க்கிறீர்கள், இது தெரியாதா?" என்றார் பாட்டியம்மாள்.

தெரியும், நன்றாகவே தெரியும். இட்லி மாவுக்கு நாங்கள் ஒரு நாளும் மணி பார்த்ததில்லை. ரொட்டி என்றவுடன் அறிந்ததையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் புத்தகத்தை நம்பினோம். புத்தகத்தில் தவறில்லை. அதை எழுதியவரின் அடுக்களை, குளிர்காலத்திலும் வெப்பமூட்டப்பட்டு 22, 23 டிகிரியில் இருந்திருக்கும். டில்லியில் தை மாதத்து வீட்டினுள்ளே 13, 14 டிகிரிதான். அங்கே ஒரு மணியில் நடப்பதற்கு இங்கே மூன்று மணி வேண்டியிருப்பதில் வியப்பென்ன?

புளிப்பு என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதை 1857 முதல் வெளியான தம் ஆய்வுகளால் நிலைநாட்டியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே தங்கியிருக்கும் பாக்டீரியாக்கள் இட்லி மாவைப் பொங்கச் செய்கின்றன. ரொட்டி மாவில் அந்த வேலையை, நாம் சேர்க்கும் ஈஸ்ட் செய்கிறது. இரண்டும் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயுவைப் பிடித்து வைக்க இட்லியிலே உளுந்தின் வழவழப்பு உதவுகிறது. ரொட்டியிலே கோதுமையின் பசை உதவுகிறது. உளுந்தை நன்றாக ஆட்ட வேண்டும் என்பதும், ரொட்டி மாவை நன்றாகப் பிசைய வேண்டும் என்பதும் ஒரே காரணத்தால் எழுந்த விதிகளே. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுதான்: இட்லி மாவு ஒரு முறை பொங்கினால் போதும்; சுருள் ரொட்டி மாவு பிசைந்த பின் ஒரு முறையும், சுருட்டி நறுக்கிய பின் மறுமுறையும் பொங்க வேண்டும்.

ஈஸ்ட் சைவமா என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டார்கள். அது காளான் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். விலங்கு இனத்தது அன்று. ஸ்வீடன் முறையில் மாவில் முட்டை சேர்ப்பதும் பெரும்பாலும் இல்லை. மேலே மினுமினுப்புக்காகவே முட்டையைத் தடவுவர். நாம் பாலைத் தடவிக்கொள்ளலாம்.

செய்முறை

பன்னிரண்டு சுருள்களுக்கு வேண்டியவை. மாவுக்கு: மைதா 500 கிராம், பால் சுமார் 280 மில்லி, வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 75 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 7 கிராம் (இரண்டு தேக்கரண்டி), உப்பு ஒரு தேக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த ஏலக்காய் ஒன்றரைத் தேக்கரண்டி. பூரணத்துக்கு: மிருதுவான வெண்ணெய் 90 கிராம், நாட்டுச் சர்க்கரை 90 கிராம், பட்டைப் பொடி ஒன்றரை மேசைக்கரண்டி. வெண்ணெய் உப்புப் போட்டதாயின் மாவில் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்க.

முதலாவது, பாலைக் காய்ச்சி ஆறவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது எடுங்கள். கைக்குழந்தைக்குப் புகட்டுமுன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அந்தச் சூடு போதும். கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் மடிந்துவிடும். 60 டிகிரியில் அது பிழைப்பதில்லை. பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையையும் ஈஸ்டையும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரை எழும்பினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரைக்காவிட்டால் அத்துடன் நிறுத்தி வேறு ஈஸ்ட் வாங்குங்கள். மாவையும் வெண்ணெயையும் வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது, மைதா, எஞ்சிய சர்க்கரை, உப்பு, ஏலக்காய் இவற்றைக் கலந்து ஈஸ்ட் பாலை ஊற்றிப் பிசையுங்கள். மாவு ஒன்று சேர்ந்த பின் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். முதலில் கையிலே ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதாவைத் தூவுவது எங்களைப் போன்ற புதியவர்கள் செய்யும் தவறு. மாவு இறுகி ரொட்டி கட்டியாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடாது பிசைந்தால் ஒட்டுதல் தானே நீங்கும். ஒரு சிறு துண்டை விரல்களால் மெல்ல இழுத்தால் கிழியாமல் சவ்வுபோல விரிய வேண்டும். பரோட்டாக் கடையில் மாவை வீசி விரிக்கும்போது கண்ணாடிபோல ஆகிறதே, அதே பதந்தான்.

மூன்றாவது, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை வைத்து மூடி, கதகதப்பான இடத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் எங்களுக்கு உதவிய உபாயம்: அணைத்துவைத்த ஓவனினுள் கீழே ஒரு கிண்ணம் கொதிநீரும் மேலே மாவுப் பாத்திரமும் வைத்து மூடிவிடுவது. நீர் ஆறியதும் மாற்றுங்கள். பாத்திரத்தின் வெளியே மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு நூலைக் கட்டி வைத்தால், எவ்வளவு உயர்ந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. இரு மடங்கு ஆகும்வரை, எத்தனை மணி ஆனாலும் காத்திருங்கள்.

நான்காவது, பொங்கிய மாவை மெல்ல அமுக்கிக் காற்றை நீக்கி, 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள செவ்வகமாக விரியுங்கள். பூரணத்தை விளிம்புவரை ஒரே சீராகத் தடவி, நீண்ட பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டுங்கள். கத்தியால் நறுக்கினால் சுருள் நசுங்கும். பாட்டியம்மாள் தம் பூத்தொடுக்கும் நூலை எடுத்து வந்தார். சுருளின் அடியிலே நூலைச் செலுத்தி, இரு முனைகளையும் மேலே குறுக்காக இழுத்தால், துண்டு வட்டம் கெடாமல் அழகாக விழுகிறது. பன்னிரண்டாகப் பிரித்து, தட்டில் விரற்கடை இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

ஐந்தாவது, இரண்டாம் முறை பொங்க விடுங்கள். எங்கள் முதல் ரொட்டி கல்லானதற்கு இந்தப் படியில் காட்டிய அவசரமே பெருங்காரணம். துண்டின் பக்கத்தில் விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். பள்ளம் உடனே நிமிர்ந்துவிட்டால் இன்னும் காலம் வேண்டும். மெதுவாக, பாதியளவு நிமிர்ந்தால் தக்க பதம். நிமிராமலே கிடந்தால் அளவு மீறிப் பொங்கிவிட்டது. உடனே ஓவனில் இடுங்கள்.

ஆறாவது, ஓவனை 180 டிகிரிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே சூடாக்கிக்கொள்ளுங்கள். மேலே பால் தடவி, 20 முதல் 25 நிமிடம்வரை பொன்னிறமாகச் சுட்டெடுங்கள். சிறிய ஓவனாக இருந்து இரண்டு தடவையாகச் சுடுவதானால், காத்திருக்கும் தட்டைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இல்லையேல் அது அளவு மீறிப் பொங்கும். ஸ்வீடன் நாட்டார் மேலே பருமனான வெள்ளைச் சர்க்கரை மணிகளைத் தூவுவர். நாங்கள் கற்கண்டை ஒன்றிரண்டாக இடித்துத் தூவினோம், நன்றாகவே இருந்தது.

பிழையும் திருத்தமும்

எங்கள் அனுபவத்தில் கண்ட பிழைகள் சிலவற்றையும் குறிப்பிடுவோம். மணம் கூடட்டும் என்று முதல் முறை பட்டைப் பொடியை மாவிலேயே ஒரு பிடி கலந்துவிட்டோம். பட்டையின் சத்து ஈஸ்டின் வேகத்தைத் தடுக்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆகவே பட்டை பூரணத்தோடு நிற்கட்டும். வெண்ணெயை உருக்கிப் பூசினால் பூரணம் தட்டிலே ஒழுகிக் கருகும். மிருதுவாக இருந்தால் போதும். மேலே சிவந்து உள்ளே வேகாதிருந்தால், தட்டை ஓவனின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மேலே அலுமினியத் தாளை மூடி, சிறிது நேரம் கூட்டுங்கள்.

சித்திரை, வைகாசியில் செய்பவர்களுக்கு நிலைமை நேர் எதிரானது. 40 டிகிரி வெயிலில் மாவு அரை மணியிலேயே வழிந்து புளித்துப் போகும். குளிர்ந்த பாலை ஊற்றி, ஈஸ்டைப் பாதியாக்கி, இரவு முழுதும் குளிர்சாதனப் பெட்டியில் பொங்க விடுவது நலம். எந்தப் பருவமாயினும் விதி ஒன்றே: மாவைப் பார், மணியைப் பாராதே.

விழா நாளன்று

இரண்டாம் சோதனையில் ரொட்டி பஞ்சுபோல வந்தது. விழாவுக்கு முதல் நாள் நான்கு வீட்டு ஓவன்களிலும் மும்முறை சுட்டு, பன்னிரண்டு டஜன் சுருள்கள் சேர்த்தோம். ஒவ்வொரு வீட்டு மாவையும் விரலால் அமுக்கிப் பார்த்து 'இப்போது', 'இன்னும் கொஞ்சம்' என்று தீர்ப்பளித்தவர் பாட்டியம்மாளே. அன்று அவர் பால்கனியில் உட்காரவே இல்லை.

பிள்ளைகள் அனைவரும் எங்கள் கடைக்கே வந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகும். எதிர்க்கடைக்குப் போனவர்களும் உண்டு. எனினும் பகல் ஒரு மணிக்குள் எங்கள் தட்டுகள் காலியாகிவிட்டன. சுருள் வாங்க வந்த பிள்ளைகள், பக்கத்திலே சுடச்சுட இருந்த வடையையும் எடுத்துக்கொண்டதைக் கண்டோம். இட்லி மட்டும்தான் வரும் என்று சொன்ன பையன் மூன்று சுருள்களைத் தின்றுவிட்டு, நான்காவதை யாரும் அறியாமல் பையிலே வைத்துக்கொண்டான்.

பாட்டியம்மாளுக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தோம். ஒரு விள்ளலை வாயிலிட்டு நிதானமாக மென்றார். நால்வரும் அவர் முகத்தையே பார்த்து நின்றோம்.

"பட்டை சரியாக இருக்கிறது. ஏலக்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் சிறுவர் சிறுமியர் நாலைந்து பேர் அவர் வீட்டு அடுக்களையில் கூடுகிறார்கள். அவருக்கு இந்தி வராது. அவர்களுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். 'அமுக்கு', 'பொறு', 'பொங்கட்டும்', 'போதும்' என்னும் சொற்களைக் கொண்டே பாடம் நடக்கிறது. சென்ற வாரம் மைதா தீர்ந்துபோயிற்றாம். அதற்காக வகுப்பை நிறுத்துவானேன் என்று, அரிசியும் உளுந்தும் ஊறவைத்து இட்லி மாவு கரைக்கக் கற்றுக்கொடுத்தாராம்.

நம் குடும்பங்களில் இத்தகைய பாட்டியம்மாள்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்று நம்புகிறோம். புதிய பண்டம் ஒன்றைச் செய்யத் தொடங்குமுன், அவர்களை ஒரு முறை அடுக்களைக்குள் அழைத்து மாவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செய்து பார்த்த அன்பர்கள் தங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதினால் மகிழ்வோம். கல்லாகிப்போன கதையாக இருந்தாலும் எழுதலாம்.